இருபது கிலோவுக்குக் கீழே

ஜூன் 3

அப்பா,

போனில் எதைக் கேட்டாலும் என்னைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறீர்கள். வைத்த பிறகுதான் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று எனக்கு உறைக்கிறது. அதனால் இந்த விஷயம் மட்டும் எழுத்தில். நீங்களும் எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

கடைசி வருட ஆய்வுக்கு ஒரு விளையாட்டு வீரரின் உணவுப் பதிவை எடுத்து, அவர் சாப்பிட்டதும் அவருடைய எடையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் ஓட்டக்காரர்களையும் நீச்சல்காரர்களையும் தேடி அலைகிறார்கள். நான் என்னையே எடுத்துக்கொண்டேன். நான்கு வருடத்துக்கு முன்னால், பளுதூக்கும் போட்டிக்காக எடை குறைத்த அந்தப் பத்து வாரம்.

மறந்திருக்க மாட்டீர்கள். போட்டியன்று காலை வீட்டில் பார்த்தது நாற்பத்தொன்பது கிலோ எண்ணூறு. இரண்டு மணி நேரம் கழித்து அரங்கில் ஐம்பத்தொன்று முந்நூறு. நான் நிற்க வேண்டியது ஐம்பது கிலோ பிரிவு. பெயரை அடித்துவிட்டார்கள். 'திருட்டுத்தனமா தின்னுருக்கா' என்று கோச் எல்லார் முன்னாலும் சொன்னார். அதோடு நான் கம்பியைத் தொடவில்லை. அந்த ஒன்றரை கிலோ எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் விளையாட்டு உணவியலுக்கே வந்தேன். சேர்க்கை நேர்காணலிலும் அதைத்தான் சொன்னேன்.

இந்த ஆய்வைப் பார்த்துத்தான் விளையாட்டுப் பயிற்சி மையத்தில் ஓராண்டு வேலைப் பயிற்சி கொடுப்பார்கள். ஒரே ஒரு இடம். கிடைத்தால் அடுத்து உணவியலாளராகப் பதிவு செய்யும் தேர்வு, அப்புறம் ஏதாவது ஓர் அணியோடு வேலை. கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரி சமையலறையில் உப்பில்லாத கஞ்சிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

எனக்கு வேண்டியவை இரண்டு. தினமும் எடையும் சாப்பாடும் எழுதிய பச்சை அட்டை நோட்டு. அப்போது நாம் வைத்திருந்த முள் ஓடும் எடை மெஷின்.

'சாப்பிட்டியா' என்று எழுதாதீர்கள். அப்படிக் கேட்டால் பட்டினி கிடப்பவனும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வான். எங்கள் தொழிலில் 'நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்பதுதான் முறை.

பஞ்சு


ஜூன் 9

அன்புள்ள பஞ்சுவுக்கு,

நான் கடைசியாக எழுதிய கடிதம் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று முதலாளிக்கு எழுதிய லீவு லெட்டர். அதிலும் காய்ச்சல் பொய். ஆகவே இதில் ஏதாவது பிசகு இருந்தால் பொறுத்துக்கொள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். கூட்டிப் பார்த்தால் பதினோரு வருஷப் படிப்பு வரும், ஆனால் யாரும் அப்படிக் கூட்ட மாட்டேன் என்கிறார்கள்.

எடைமேடை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு லாரி சரக்கோடு ஏறும், சீட்டு கிழிப்பேன். இறக்கிவிட்டுக் காலியாக ஏறும், இன்னொரு சீட்டு. பெரியதில் சின்னதைக் கழித்தால் சரக்கு. இந்த ஒரு கழித்தலை வைத்தே இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நேற்று ஒரு டிரைவர் கேட்டார். "பொண்ணு என்னண்ணே படிக்குது?" சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு யோசித்தார். "எல்லாரும் சாப்பிடறதுக்காகப் படிக்கிறாங்க. உங்க பொண்ணு சாப்பாட்டையே படிக்குது. கெட்டிக்காரி." இறங்கிப் போய்த் திரும்பி வந்து, தனக்குத் தொப்பை குறைய என்ன செய்யலாம் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். லாரியை விட்டு இறங்கி நடக்கச் சொல்லிவிட்டேன். உன் தொழிலில் கை வைத்ததற்கு மன்னிப்பு.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். உன் அம்மா அதைப் பழைய புடவையில் சுற்றி பீரோவில் வைத்திருந்தாள், நகை மாதிரி.

மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக ஞாபகம். தேடிப் பார்க்கிறேன். அது கிடைத்தாலும் என்ன இருக்கிறது? ஒன்றரை கிலோ ஒரு எடையா பஞ்சு? எங்கள் மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. இருபது, நாற்பது, அறுபது என்று தாவித் தாவித்தான் காட்டும். ஒன்றரை கிலோ என்பது டிரைவரின் செருப்பு.

நீ பிறந்தபோது உன்னைக் கையில் வாங்கியதும், மேடைக்குப் பஞ்சு லோடு வந்த அன்றைக்குப் போலத் திகைத்தேன். அவ்வளவு ஆர்ப்பாட்டம், தூக்கினால் ஒன்றுமே இல்லை. அப்படி வந்த பெயர்தான் உன்னுடையது. பழசை ஏன் கிளற வேண்டும் என்று மட்டும் புரியவில்லை.

சாப்பி— அடித்துவிட்டேன்.

அப்பா


ஜூன் 17

அப்பா,

நோட்டு வந்தது. புடவை வாசனையோடு.

படிக்கப் படிக்க எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. ஆகஸ்ட் எட்டாம் தேதி ஐம்பத்திரண்டு நானூறு. ஒன்பதாம் தேதி ஐம்பது தொள்ளாயிரம். ஒரே ராத்திரியில் ஒன்றரை கிலோ காணாமல் போயிருக்கிறது. முதல் நாள் மழை, பயிற்சிக்கே போகவில்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தால் இப்படி இறங்கும், ஆனால் நாலு நாளில் திரும்பி வந்துவிடும். இது வரவில்லை. அதற்குப் பிறகு நான் முன்னைவிட நன்றாகவே சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு துண்டு ரொட்டி, முட்டை, மதியம் சோறு என்று எழுதியிருக்கிறது. எடை ஏறவில்லை, மெதுவாக இறங்குகிறது.

அரங்கில் கூடியதும் அதே ஒன்றரை கிலோ. ஒன்பதாம் தேதி தொலைந்ததுதான் போட்டியன்று திரும்பி வந்திருக்கிறது. நடுவில் ஐந்து வாரம் அது எங்கே இருந்தது?

"முதல்ல மெஷினைச் சந்தேகப்படு. அப்புறம் மனுஷங்களை" என்கிறார் எங்கள் ஆசிரியை. அப்போது பயிற்சிக்கூடத்தில் எடை மெஷின் உடைந்து கிடந்தது. வீட்டில் பார்த்து எழுதி வரச் சொல்லி கோச் அதையே நம்பினார். ஆக எல்லாம் நம் வீட்டு மெஷினில்தான் இருக்கிறது.

நேற்று அம்மாவிடம் பேசினேன். "பழைய இரும்புக்கா? யார் சொன்னா? கட்டிலுக்கு அடியிலதானே கெடக்கு" என்றாள். எடை தெரிந்த பொருள் எதையாவது அதன் மேல் வைத்துப் பார்த்து எழுதுங்கள். மறைக்காமல்.

ஆகஸ்ட் எட்டாம் தேதி வீட்டில் என்ன நடந்தது? எனக்குக் காய்ச்சலா?

பஞ்சு


ஜூன் 22

அன்புள்ள பஞ்சுவுக்கு,

கட்டிலுக்கு அடியில் இருந்தது. என் ஞாபகசக்தியைப் பற்றி உன் அம்மா சொன்னதை இங்கே எழுதினால் தபால்காரருக்கு வெட்கமாக இருக்கும்.

நான் எழுந்து வருவதற்குள் உன் அம்மாவே ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி மெஷின் மேல் வைத்துவிட்டாள். முள் ஐந்தில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "பார்த்தீங்களா, தங்கமாட்டம் இருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். அதுதான் நடந்தது. ஐந்து கிலோ, ஐந்து கிலோதான் காட்டியது. அதில் பொய் இல்லை.

எட்டாம் தேதி உனக்குக் காய்ச்சல் இல்லை. மழை பெய்தது, நீ எழுதியிருப்பது சரி.

என் வேலையில் காலையில் முதல் காரியம் என்ன தெரியுமா? மேடைத் தகட்டுக்கும் சுற்றியுள்ள சிமெண்ட் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் சந்து இருக்கும். அதில் நீளக் கம்பியை விட்டுக் கல், மண் எல்லாவற்றையும் கிளறி எடுக்க வேண்டும். கல் சிக்கிக்கொண்டால் பாரத்தில் கொஞ்சத்தை அது தாங்கிக்கொள்ளும், எடை குறைத்துக் காட்டும். மேடை காலியாக இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது, பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் அந்த வேலையைத் தவறவிட்டதில்லை. இன்று கம்பியைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றேன். பின்னால் ஏழு லாரி ஹாரன் அடித்தது. "அண்ணே, மீன் புடிக்கிறீங்களா?" என்றான் ஒருவன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ வேறு யாருடைய நோட்டையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா?

அப்பா


ஜூன் 30

அப்பா,

மெஷின் சரி. அப்படியானால் நோட்டுதான் தப்பு.

வகுப்பில் என் பெயரை மறைத்து அந்தப் பக்கங்களைத் திரையில் போட்டார்கள். "வீராங்கனைகள் பயிற்சியாளருக்குப் பயந்து எடையைக் குறைத்து எழுதுறது வழக்கமான ஒண்ணு. இந்தப் பொண்ணு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியிலேர்ந்து பொய் எழுதியிருக்கா. கையெழுத்து கூட அன்னிலேர்ந்து உற்சாகமா மாறுது பாருங்க" என்றார் ஆசிரியை. எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

நான் பொய் எழுதவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில் பசியில் எனக்குக் கண் மங்கும். வேண்டிய எண்ணை முள்ளில் நானே பார்த்துக்கொண்டேனோ என்னவோ. கோச் சொன்னதுதான் உண்மையோ என்னவோ. என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அந்தத் திரைக்கு அதிகம் தெரிகிறது.

ஜூலை பதினைந்துக்குள் முடிவுரை கொடுக்க வேண்டும். 'பதிவு செய்தவர் பொய்யான எடைகளை எழுதியுள்ளார்' என்று எழுதப் போகிறேன். அதற்குக் கீழே என் கையெழுத்து.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்று அரங்கில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தபோது நீங்கள் ஒருவர்தான் முன்னால் போய் நின்றீர்கள். "உங்க மெஷினுக்கு முத்திரை எங்கே? சான்றிதழ் எங்கே? என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்று அதிகாரிகளிடம் கத்தினீர்கள். நான் பொய் சொல்லியிருந்தால், அதற்கும் சேர்த்து உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பஞ்சு


ஜூலை 3

பஞ்சு,

நீ பொய் எழுதவில்லை. அந்த வரியை எழுதாதே. மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

மெஷினுக்குள் ரப்பர் இருக்கிறது. நான் வைத்தது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி சாயங்காலம் மழைக்காக வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்தேன். நான் வந்தது உனக்குத் தெரியாது. சமையலறையில் நின்று ஒரு ரொட்டித் துண்டை வாயில் போட்டு மென்றாய். ரொம்ப நேரம் மென்றாய். பிறகு விழுங்காமல் தொட்டியில் துப்பினாய். இன்னொரு துண்டு. அதையும் துப்பினாய். குழாயைத் திறந்து சத்தமில்லாமல் கழுவிவிட்டு, தொட்டியைத் துணியால் துடைத்தாய். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், மறுபடி சத்தமாக உள்ளே வந்தேன்.

அந்த வாரத்தில் நீ இரண்டு தடவை படியில் உட்கார்ந்துவிட்டதை உன் அம்மா சொல்லியிருந்தாள். கோச்சிடம் கேட்டேன். "இன்னும் ரெண்டரை கிலோ எறங்கணும். அப்பாமாருங்க வீட்டுல இருந்தா போதும்" என்றார். நானும் வீட்டில்தான் இருந்தேன்.

எடையைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதை எப்படிக் குறைத்துக் காட்டலாம் என்பது. செய்யக்கூடாது என்று கற்றுக்கொண்ட காரியம். லாரி டியூபில் ஒரு துண்டை வெட்டி மெஷினின் மேல் தகட்டுக்கு அடியில் வைத்தேன். சின்ன பாரத்துக்கு அது எட்டாது. தகடு நன்றாக அழுந்தினால்தான் ரப்பர் தாங்கும். முக்கால் கிலோ குறைத்தால் போதும் என்று நினைத்தேன், ஒன்றரை ஆகிவிட்டது. என் கைவேலை அவ்வளவுதான்.

மறுநாள் காலை நீ மெஷினிலிருந்து குதித்து, "அம்மா, எறங்கிடுச்சு" என்று கத்தினாய். இரண்டு துண்டு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாய். விழுங்கினாய். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். எடுத்தால் முள் ஏறும், நீ மறுபடி துப்புவாய். நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து வாரம் போனது. கடைசியில் என்ன நினைத்தேன் தெரியுமா? அவ்வளவு பெரிய அரங்கு, அவ்வளவு ஆட்கள், ஒன்றரை கிலோவையா பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இருபது கிலோவுக்குக் கீழே எடையே இல்லாத இடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். நூறு கிராமுக்குப் பெயரை அடிக்கும் ஓர் உலகம் இருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அரங்கில் நான் கத்தியது உனக்காக என்றுதான் எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய மெஷினில் தப்பு இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையில் கத்தியது அது. கத்துவதற்குப் பதில் ஒரு வரி உண்மை சொல்லியிருக்கலாம். கோச் உன்னைச் சொன்னபோதாவது சொல்லியிருக்கலாம். நாலு வருஷமாகச் சிரிக்க வைத்தேன். உன் அம்மா அரிசிப் பையை வைத்தபோதும் பக்கத்தில் நின்றேன். ஐந்து கிலோவுக்கு அது உண்மை சொல்லும் என்று தெரிந்துதான் நின்றேன்.

உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அவள் இன்னும் பேசவில்லை.

அப்பா


ஜூலை 12

பஞ்சு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் கூடாது. மெஷினைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். ரப்பரை எடுக்கவில்லை. இனி அதில் நான் கை வைத்தால் நன்றாக இருக்காது.

உன் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். பேசாமல் இருந்ததே தேவலாம்.

அப்பா


ஜூலை 24

அப்பா,

ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து கிலோவுக்குப் பத்து. இருபதுக்கு இருபது. முப்பதுக்கும் சரி. நாற்பதில் கொஞ்சம் தடுமாறுகிறது. ஐம்பது கிலோ தகடுகளை வைத்தால் நாற்பத்தெட்டரை. "இது உன் எடைக்குன்னே அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு" என்றார் ஆசிரியை. பிறகு வகுப்பில் அந்தப் பக்கங்களை மறுபடி திரையில் போட்டு, தான் சொன்னது தவறு என்றார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

நான் பொய் எழுதவில்லை என்பதில் எவ்வளவு நிம்மதியோ, அதைச் சொல்ல நாலு வருடம் ஆனதில் அவ்வளவு ஆத்திரம். நீங்கள் முத்திரைச் சான்றிதழ் கேட்ட கதையை விடுதியில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதை இனி எங்கே வைப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஐந்து வாரச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டேன். அதற்கு முன் நான் சாப்பிட்டது எட்டு வயதுக் குழந்தைக்குக்கூடப் போதாது. அப்படியே போயிருந்தால் போட்டி வரை நின்றிருக்க மாட்டேன் என்கிறார் ஆசிரியை. கணக்கில் ஒரு பக்கம் நீங்கள் என்னைக் காப்பாற்றியதாக வருகிறது, இன்னொரு பக்கம் கெடுத்ததாக வருகிறது. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க முடியவில்லை. உங்களுக்குத்தான் கழித்தல் வரும் என்பீர்கள். முயற்சி செய்யாதீர்கள்.

ஆய்வை உண்மைப்படி மாற்ற ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டும். படிவம் இத்துடன். அதில் உங்களை 'குடும்ப உறுப்பினர் ஒருவர்' என்று குறிப்பிட்டிருக்கிறேன்.

போன் செய்யாதீர்கள். இப்போது சிரிக்க வைத்துவிட்டால் எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விடும்.

பஞ்சு


ஆகஸ்ட் 2

அன்புள்ள பஞ்சுவுக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'குடும்ப உறுப்பினர் ஒருவர்' என்பதை அடித்துவிட்டு 'அப்பா' என்று எழுதியிருக்கிறேன். விதிப்படி கூடாது என்றால் நீ மாற்றிக்கொள். உன் அம்மாவின் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான்.

கோச்சைப் பார்க்கப் போனேன். இப்போது வேறு கூடத்தில் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. சுற்றிப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நின்றார்கள். தனியாகப் பேசலாமா என்றார். அன்னிக்கு எல்லார் முன்னாலும்தானே சொன்னீங்க, நானும் இங்கேயே சொல்லிடறேன் என்றேன். சொன்னேன். லாரிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை, கூடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். "அவ அப்போ நெசமாவே சாப்பிடாமத்தான் இருந்தாளா?" என்றார். ஆமாம் என்றேன். திரும்பி, கம்பியைப் பிடித்து நின்ற ஒரு ஒல்லிப் பெண்ணைப் பார்த்தார். "நீ போய் ஒக்காரு" என்றார் அவளிடம். நான் வந்துவிட்டேன். அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கழித்துப் பார்க்கவில்லை. நீ சொன்னபடி விட்டுவிட்டேன்.

ஒன்று கேட்கலாம் அல்லவா? உங்கள் தொழில் முறைப்படியே கேட்கிறேன். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டாய்? அளவு வேண்டாம்.

அப்பா


ஆகஸ்ட் 20

அப்பா,

ஆய்வைக் கொடுத்துவிட்டேன். 'அப்பா' என்றே விட்டிருக்கிறார்கள்.

பயிற்சி மையத்து நேர்காணல் முடிந்தது. முடிவு அடுத்த மாதம். இந்தப் படிப்புக்கு ஏன் வந்தாய் என்று மறுபடி கேட்டார்கள். ஒன்றரை கிலோ என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அந்தப் பதில் இப்போது என்னிடம் இல்லை. பிறகு, ரொட்டியை மென்று துப்பிவிட்டுத் தொட்டியைத் துடைத்து வைத்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் ஒருவர் அதைப் பார்த்தார், என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அது தெரிந்த ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அதற்காக வந்தேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று பட்டது.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். காலையில் இல்லை என்று தோன்றுகிறது, மத்தியானம் இருக்கிறது.

நேற்று. காலை: ரொட்டி மூன்று துண்டு, முட்டை இரண்டு, பால். பதினொன்றரைக்கு வாழைப்பழம். மதியம் சோறு, பருப்பு, இரண்டு காய், மறுசோறு. சாயங்காலம் நிலக்கடலை. இரவு சூப்பும் ரொட்டியும். எல்லாம் விழுங்கினேன்.

நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு அளவு வேண்டும். அளவை மட்டும் அம்மாவைப் போடச் சொல்லுங்கள்.

பஞ்சு